ரத்தப் படங்கள் யாரைக் கெடுக்கின்றன?

எங்கேயாவது ஒரு கொடூரக் கொலை நடந்தால் போதும், மறுநாளே ஏதாவது ஒரு படத்தை இழுத்துவந்து கூண்டில் ஏற்றிவிடுகிறோம். "இந்த மாதிரிப் படம் பார்த்துப் பார்த்துத்தான் இப்படி ஆயிட்டான்." முடிந்தது விசாரணை. அவன் வளர்ந்த வீடு, வாங்கிய அடி, குடி எதையும் அப்புறம் யாரும் கிளற வேண்டியதில்லை.

1993இல் பிரிட்டனில் பத்து வயதுச் சிறுவர்கள் இருவர் ஒரு குழந்தையைக் கொன்றார்கள். வன்முறை வீடியோக்களும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் தீர்ப்புச் சொன்ன நீதிபதி. உடனே பத்திரிகைகள் கொலைகாரப் பொம்மை வரும் ஒரு படத்தைப் பிடித்துக்கொண்டன. அந்தப் பையன்கள் அதைப் பார்த்ததற்கு ஆதாரம் இல்லை என்று போலீசார் சொன்னது எடுபடவே இல்லை. மறுவருடமே வீடியோ சட்டத்தை இறுக்கிவிட்டார்கள்.

பேய், ரத்தம், கோடாரி எது வந்தாலும் விரும்பிப் பார்க்கிற ஆள் நான். இந்தப் பழியைக் கேட்டால் எரிச்சல்தான் வரும். கார்டன் டால், ஸ்டெஃபானோ டெல்லாவின்யா என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 1995 முதல் 2004 வரை அமெரிக்கத் தியேட்டர் கூட்டத்தையும் குற்றக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வன்முறைப் படங்களுக்குக் கூட்டம் அலைமோதிய நாட்களில் அடிதடி வழக்குகள் குறைந்திருந்தன. 10 லட்சம் பேர் கூடுதலாகப் பார்த்தால் அன்று மாலையிலும் நள்ளிரவுக்குப் பிறகும் ஏறக்குறைய 1 முதல் 2 சதவீதம் குறைவு. படம் யாரையும் திருத்தவில்லை. வெளியே சுற்றினால் குடித்துவிட்டு வம்பிழுத்திருக்கக்கூடிய இளவட்டங்கள் இருட்டில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

"பாத்தீங்களா, ஒண்ணும் ஆகாது" என்று என் கட்சிக்காரர்கள் இதோடு எழுந்து போய்விடுகிறார்கள். அங்கேதான் அவர்களோடு எனக்குச் சண்டை. கொலைகாரனாக மாறவில்லை என்பதும் ஒன்றும் ஆகவில்லை என்பதும் ஒன்றா?

1984இல் டேனியல் லின்ஸும் சக ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். பெண்களைத் துரத்தித் துரத்திக் கொல்லும் படங்களை, நாளுக்கு ஒன்றாக ஐந்து நாள், ஆண்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். முதல் நாள் கலங்கிப்போனவர்கள் கடைசி நாளில் அந்த அளவுக்குக் கலங்கவில்லை. பிறகு ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கு விசாரணையை வீடியோவில் காட்டியபோது, இந்தப் படங்களைப் பார்க்காதவர்களைவிட இவர்களுக்குப் பாதிக்கப்பட்ட பெண்ணின் காயம் சிறிதாகத் தெரிந்தது. 2009இல் புஷ்மன், ஆண்டர்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் தியேட்டர் வாசலிலேயே சோதித்தார்கள். காலில் அடிபட்டது போலக் கட்டுப்போட்ட ஒரு பெண் ஊன்றுகோலைத் தவறவிடுவார். வன்முறைப் படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் உதவிக்குக் குனிய மற்றவர்களைவிட 26 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். அதே படத்துக்கு உள்ளே போகிறவர்களிடம் இந்தத் தாமதம் இல்லை. சில நொடி வித்தியாசம்தான். ஆனால் அந்தச் சில நொடி எனக்கு உறுத்துகிறது.

என் பார்வையில் ரத்தத்தின் அளவு முக்கியமில்லை. யாருடைய கண் வழியாகப் பார்க்கிறோம் என்பதுதான் கேள்வி. கட்டிலுக்கு அடியில் மூச்சை அடக்கிக் கிடப்பவளோடு கேமரா கிடந்தால் நம் நெஞ்சும் அடித்துக்கொள்ளும். அதுவே முகமூடிக்காரனின் கண் துளைக்குள் புகுந்து ஜன்னல் ஜன்னலாக அவளைத் தேடினால், நாமும் அவனோடு சேர்ந்து தேட ஆரம்பிக்கிறோம். பெயர்கூட மனதில் நிற்காத ஐந்தாறு பேரை வரிசையாக நிறுத்தி, அடுத்து எவன், எப்படி என்று ஆவலோடு காத்திருக்க வைக்கும் படங்கள் எத்தனை! வெட்டு விழுந்ததும் தியேட்டரில் விசில் பறக்கும். பயப்படாமல் உட்கார்ந்திருப்பது ஆம்பளைத்தனம் என்று வேறு பையன்களுக்கு நாம் சொல்லி வைத்திருக்கிறோம். பக்கத்தில் இருக்கும் பெண் பயந்து நடுங்கினால் ஆண்களுக்குப் படம் இன்னும் பிடித்துப்போகிறது என்று டால்ஃப் சில்மன் என்ற ஆய்வாளர் 1986இலேயே காட்டியிருக்கிறார். பதறாமல் இருக்கிற பயிற்சியை அவன் ஆசையாகத்தான் எடுத்துக்கொள்கிறான்.

பெரியவர்கள் பாடு போகட்டும். அவர்கள் டிக்கெட் எடுத்துத் தெரிந்தே போகிறார்கள். எனக்குக் கோபம் வருவது, பெரியவர்கள் இந்தப் படங்களைப் பார்க்கிற அறையில் சும்மா உட்கார வைக்கப்பட்ட குழந்தைக்காக. ஜோன் கான்டரும் கிறிஸ்டன் ஹாரிசனும் 1999இல் வெளியிட்ட ஆய்வில் சுமார் 150 கல்லூரி மாணவர்களைக் கேட்டார்கள். 90 சதவீதம் பேருக்குச் சின்ன வயதிலோ பதின்பருவத்திலோ படமோ டிவியோ பார்த்துப் பயந்த அனுபவம் இருந்தது. கால்வாசிப் பேருக்கு, வருடங்கள் ஓடிய பிறகும், அந்தப் பயத்தில் கொஞ்சம் மிச்சமிருந்தது. "சும்மா படம்தானே, சாஸ்தான் ஊத்தியிருக்காங்க" என்று நாம் சமாதானம் சொல்வது நாலைந்து வயதுக் குழந்தைக்குப் பெரிதாக உதவாது. கண்ணால் பார்த்தது அதற்கு நிஜம். அந்த வயதில் வேண்டியது மடி, வெளிச்சம், பக்கத்தில் ஒரு ஆள். விளக்கம் எல்லாம் பிறகு பலிக்கும். அதற்குள் "இதுக்குப் போய் அழுவியா" என்று கிண்டல் செய்து, இன்னொரு தரம் போட்டுக் காட்டிச் சிரிக்கும் மாமா, சித்தப்பாக்கள் இருக்கிறார்களே, அவர்களை என்ன சொல்ல.

இதில் தணிக்கை பற்றியும் ஒரு விஷயம். பெரியவர்களுக்கு மட்டும் என்று சான்றிதழ் ஒட்டுகிறோம், வாசலில் வயதைக் கேட்கிறோம். அதே படத்தின் கழுத்தறுக்கும் காட்சியை எவனோ முப்பது நொடிக்கு வெட்டி, பாட்டுச் சேர்த்து ரீல்ஸில் விடுகிறான். சமையல் வீடியோவுக்கும் பூனை வீடியோவுக்கும் நடுவில் அது வந்து நிற்கிறது. கதை இல்லை, அந்த ஆள் யாரென்று தெரியாது, ஏன் சாகிறான் என்று தெரியாது. முழுப் படம் கொடுக்கும் பயமோ பரிதாபமோ அதில் கொஞ்சமும் கிடையாது, வெட்டு மட்டும்தான். போன் குழந்தை கையில் இருக்கிறது. அந்த முப்பது நொடிக்குச் சான்றிதழ் கொடுத்தது யார்?