மாதந்தோறும் பிடித்தம் தவறுவதில்லை. சிகிச்சைக்குப் போனால் ஏன் கையெழுத்தும் பணமும் கேட்கிறீர்கள்?

ஓய்வூதியம் என் வங்கிக் கணக்குக்கு வந்து சேருவதற்கு முன்பே அதிலிருந்து 497 ரூபாய் மருத்துவக் காப்பீட்டுக்கென்று கழிந்துவிடுகிறது. 2022 ஜூலையில் தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்களுக்கான புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் புதுப்பிக்கப்பட்ட நாளிலிருந்து இந்தப் பிடித்தம் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. சேர விருப்பமா என்று என்னை எவரும் கேட்கவில்லை. நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகள் அரசுப் பள்ளியில் வேலை பார்த்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் நான். நாலு பேர் சேர்ந்து போடும் பணம் நோயில் விழுந்த ஒருவருக்கு உதவட்டும் என்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் அந்த உதவி எங்களுக்கே தேவைப்பட்ட நாளில், எங்கள் பணத்தில் நடக்கும் ஒரு திட்டத்தின் வாசலில் எங்களையே யாசகர்களைப் போல நிற்க வைத்தார்கள். அந்த ஆத்திரம் மூன்று மாதமாகியும் எனக்கு ஆறவில்லை.

கடந்த கார்த்திகையில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு விடியற்காலையில், என் மனைவி கொல்லைப்புறத்து ஈரத் தரையில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. திட்டத்தின் பட்டியலில் இருக்கும் மருத்துவமனை எது என்று பார்த்து, அங்கேதான் அவரை ஆம்புலன்சில் கொண்டுபோனோம். அவசரத்திலும் அதைப் பார்த்துப் போனதற்குக் காரணம், பட்டியலில் உள்ள மருத்துவமனை என்றால் கட்டணமில்லா சிகிச்சை என்று பத்து ஆண்டுகளாக எங்களுக்குச் சொல்லப்பட்டு வருவதுதான். அந்தச் சொல்லை நம்பித்தான் கையில் பத்தாயிரம் ரூபாயோடு மட்டும் கிளம்பினேன்.

மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவு தரைத்தளத்தில், மருந்துக்கடைக்கும் மின்தூக்கிக்கும் இடையில் ஒரு கண்ணாடிச் சன்னல். அடியில் கை நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு. பேசினால் உள்ளே இருப்பவருக்குக் கேட்காது, குனிந்து அந்தத் திறப்பு வழியாகத்தான் பேச வேண்டும். எழுபத்தொரு வயதில் எட்டு நாள் அந்தத் திறப்பின் முன் குனிந்து நின்றிருக்கிறேன். முதல் நாள் காப்பீட்டு அட்டை, ஆதார், ஓய்வூதியப் புத்தகம் எல்லாவற்றையும் நீட்டினேன். அட்டையில் என் மனைவியின் பெயருக்கு முன் இருக்கும் முதலெழுத்து அவருடைய தந்தையின் பெயருக்கு உரியது. ஆதாரில் இருப்பது என் பெயரின் முதலெழுத்து. இதைச் சரிசெய்து வந்தால்தான் காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதிக்கு அனுப்ப முடியும் என்றார்கள். மேலே வார்டில் எலும்பு முறிந்த ஒருவர் வலியில் துடித்துக்கொண்டிருக்கும்போது, கீழே ஓர் எழுத்துக்காகக் கருவூலத்துக்குத் தொலைபேசியில் அழைத்துக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அது ஒருவழியாகத் தீர்ந்த பிறகு, "அப்ரூவல் வர லேட்டாகும் சார், அதுவரைக்கும் அம்பதாயிரம் அட்வான்ஸ் கட்டிடுங்க, வந்ததும் திருப்பிக் கொடுத்துடுவோம்" என்று உள்ளே இருந்த பெண் சொன்னார். மகன் வெளியூரிலிருந்து அனுப்பிக் கட்டினோம். அந்தப் பணம் இன்றுவரை திரும்பவில்லை.

மூன்றாம் நாள் அறுவைச் சிகிச்சை. அதற்கு முந்தைய இரவு ஒன்பது மணிக்கு ஒரு தாளைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டார்கள். காப்பீட்டில் அனுமதிக்கப்பட்ட வகையைவிட உயர்ந்த செயற்கை மூட்டையும் தனி அறையையும் நோயாளியின் தரப்பு தன் சொந்த விருப்பத்தின்பேரில் கேட்பதாகவும், அதற்கான கூடுதல் தொகையைத் தாமே செலுத்தச் சம்மதிப்பதாகவும் அதில் அச்சிடப்பட்டிருந்தது. நான் எந்த மூட்டையும் தேர்ந்தெடுக்கவில்லை. எத்தனை வகை உண்டு என்பதே எனக்குத் தெரியாது. தனி அறையும் நாங்கள் கேட்டதல்ல. பொது வார்டில் இடமில்லை என்று அவர்களாகவே மாற்றியது. இதையெல்லாம் சொன்னேன். கையெழுத்து இல்லாவிட்டால் நாளைக்குத் தியேட்டர் பட்டியலில் பெயர் வராது என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. ஐம்பது ஆண்டுகள் என்னோடு வாழ்ந்தவர் அசையக்கூட முடியாமல் படுத்திருக்கும்போது எந்த மனிதன் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுப்பான்? போட்டேன். என் பணிக்காலத்தில் ஆயிரக்கணக்கான தாள்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உண்மையல்ல என்று தெரிந்தே போட்டது அது ஒன்றுதான்.

கடைசிக் கணக்கு 2,10,000 ரூபாய். காப்பீட்டில் அனுமதியானது 95,000. மீதி 1,15,000 எங்கள் தலையில் விழுந்தது. கட்டிய முன்பணம் போக 65,000 கட்டியபோது தந்த ரசீதில் "மருந்து மற்றும் உபகரணங்கள்" என்ற ஒற்றை வரியைத் தவிர வேறு விவரம் இல்லை. வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர் காலை பதினொரு மணிக்குச் சொல்லிவிட்டார். இறுதி அனுமதி வரவில்லை என்று மாலை ஏழே கால் வரை எங்களைச் சக்கர நாற்காலியோடு வரவேற்புக் கூடத்தில் காக்க வைத்தார்கள். உட்காரவே கூடாத உடம்பு அது. காலைத் தொங்கவிட முடியாமல், எதிரில் இருந்த நாற்காலியில் என் துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் அவர் காலைத் தூக்கி வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இதைக் கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். காப்பீட்டு நிறுவனம் ஒரு சிகிச்சைக்கென்று மொத்தமாகப் பேசித் தரும் பேக்கேஜ் தொகை தங்களுக்குக் கட்டுப்படியாகாது, அந்தத் தொகையும் மாதக்கணக்கில் தாமதமாகத்தான் வருகிறது என்று மருத்துவமனை சொல்கிறது. மருத்துவமனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட தொகைதான் அது, அதற்கு மேல் வாங்கினால் எழுத்தில் புகார் கொடுங்கள் என்று நிறுவனம் சொல்கிறது. இரண்டு பேருடைய வாதத்திலும் உண்மை இருக்கலாம். ஆனால் அவர்களுக்குள் நடக்கும் பேரத்தில் நான் ஒரு தரப்பே அல்ல. எந்தச் சிகிச்சைக்கு என்ன தொகை பேசினார்கள் என்பதை அந்தச் சன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பலகையில்கூட எழுதி வைக்கவில்லை. அவர்கள் ஒத்துப்போகாத தொகை முழுவதும் நோயாளியின் சட்டைப்பையிலிருந்து எடுக்கப்படுகிறது, அதுவும் நோயாளியே விரும்பிக் கொடுத்ததாக எழுதி வாங்கிக்கொண்டு.

பிடித்தம் வளர்ந்த கதையையும் சொல்ல வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் திட்டம் இது. 2014இல் ஓய்வூதியர்களுக்கு இது முதலில் வந்தபோது மாதச் சந்தா 150 ரூபாய். நான்கு ஆண்டுகளுக்குமாகச் சேர்த்து 2 லட்சம் வரை சிகிச்சை. 2018இல் 350 ரூபாய். வரம்பு 4 லட்சம். 2022இல் 497 ரூபாய்; வரம்பு 5 லட்சம், குறிப்பிட்ட சில பெரிய நோய்களுக்கு மட்டும் 10 லட்சம். எட்டே ஆண்டுகளில் சந்தா மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. ஆண்டுக்கு 5,964 ரூபாய், நான்கு ஆண்டுகளுக்கு 23,856 ரூபாய் ஒருவர் கட்டுகிறார். இந்த மாநிலத்தில் ஓய்வூதியரும் குடும்ப ஓய்வூதியருமாக ஏறக்குறைய 7 லட்சம் பேர் இருக்கிறோம். இத்தனை பேரின் சந்தாவை ஒரே கையில் திரட்டித் தருகிற அரசுக்கு, ஒப்பந்தத்தை மீறுகிற மருத்துவமனையைத் தட்டிக்கேட்கும் பலம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். வரம்புத் தொகை ஆண்டுக்கு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து என்பது ஒரு பெரிய அறுவைச் சிகிச்சை முடிந்து அடுத்ததற்குப் போகும்போதுதான் தெரியவருகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஏழைக் குடும்பங்களுக்குச் சந்தா எதுவும் இல்லாமல் ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கிறது. அது கிடைக்கவே வேண்டும், அதில் ஒரு ரூபாய் குறைந்தாலும் நான் எதிர்ப்பேன். மாதாமாதம் கட்டுகிற முதியவர்களுக்கு அதே 5 லட்சத்தை நான்காகப் பிரித்துத் தருவது எந்தக் கணக்கில் நியாயம் என்று மட்டும் கேட்கிறேன்.

என் அண்ணி குடும்ப ஓய்வூதியர். அண்ணன் போய்ப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. நானும் என் மனைவியும் இரண்டு பேருமாகக் காப்பீடு பெற 497 ரூபாய் கட்டுகிறோம். அண்ணி தன் ஒருவருக்காக அதே 497 ரூபாய் கட்டுகிறார். ஓய்வூதியம் எவ்வளவு என்பதும் கணக்கில் இல்லை. அடிப்படை ஓய்வூதியம் வெறும் 7,850 ரூபாய் வாங்கும் துப்புரவுப் பணியாளரின் மனைவிக்கும், உயர் பதவியிலிருந்து இறங்கிய அதிகாரிக்கும் ஒரே பிடித்தம். அண்ணிக்குப் போன ஆண்டு கண்புரை அறுவை நடந்தது. ஒரு கண்ணுக்கு 30,000 ரூபாய் என்று திட்டத்திலேயே உச்ச வரம்பு இருக்கிறது. அவருக்கு 44,000 ஆயிற்று. மீதியைக் காதில் கிடந்ததை அடகு வைத்துக் கட்டினார். எங்களிடம் சொல்லவே இல்லை. பொங்கலுக்குப் போனபோது வெறும் காதைப் பார்த்துத்தான் தெரிந்தது.

புறநோயாளியாகப் போனால் இந்தக் காப்பீட்டில் ஒன்றும் கிடையாது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஆயுள் முழுக்க விழுங்க வேண்டிய மாத்திரைகளுக்கு மருத்துவப்படி என்று மாதம் 300 ரூபாய் தருகிறார்கள். எனக்கும் என் மனைவிக்கும் அது பத்து நாள் மாத்திரைக்குக் காணாது.

சட்டம் எங்கள் பக்கம் இல்லாமல் இல்லை. மத்திய அரசில் பணியாற்றி ஓய்வு பெற்ற சிவகாந்த் ஜா தொடுத்த வழக்கில், 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: அரசு ஊழியர் பணியில் இருந்தாலும் ஓய்வு பெற்றாலும் மருத்துவ உதவி அவருடைய உரிமை, பட்டியலில் இல்லாத மருத்துவமனை என்ற காரணத்துக்காக மட்டும் அதை மறுக்க முடியாது, சிகிச்சை உண்மையிலேயே நடந்ததா, அதற்கு ஆவணம் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இதே நிலையைச் சென்னை உயர் நீதிமன்றமும் எங்களைப் போன்றவர்களின் வழக்குகளில் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறது. அப்படியிருந்தும் அடுத்தவர் அதே வாசலுக்குப் போகும்போது அதே பதில்தான் வருகிறது. அவரும் வக்கீல் வைத்து நீதிமன்றம் போக வேண்டியிருக்கிறது. பட்டியலில் இல்லாத மருத்துவமனைக்குப் போனவர்களின் பாடு அது. நாங்கள் பட்டியலைப் பார்த்தே போனோமே, எங்களுக்கு ஏன் இந்த நிலை?

கூடுதலாக வாங்கிய பணத்தைத் திரும்பக் கேட்டு, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவுக்கு மனுக் கொடுத்தேன். அசல் ரசீதுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, வங்கிப் புத்தக நகல் என்று இருபத்து மூன்று தாள்கள். ஒரு மாதம் கழித்து விசாரித்தபோது, கூடுதல் வசதியை நீங்களே கேட்டதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்று எழுத்தர் அந்தத் தாளின் நகலை எடுத்துக் காட்டினார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாற்காலி கொடுத்து உட்காரச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். ஆனால் அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய இரவில் வாங்கப்படும் ஒரு கையெழுத்தை விருப்பம் என்று அரசு எப்படி ஏற்றுக்கொள்கிறது? இந்தத் தாள் எத்தனை குடும்பங்களிடம் வாங்கப்படுகிறது என்பது தெரியாமலா இருக்கிறது? பட்டியலில் உள்ள மருத்துவமனை இப்படி எழுதி வாங்கினால் அது செல்லாது என்று ஒரு வரி அரசாணை போதும். அனுமதிக்கப்பட்ட தொகை எவ்வளவு, எதற்கு எவ்வளவு கழித்தார்கள் என்பதைத் தமிழில் அச்சிட்டு நோயாளியின் கையில் கொடுக்க வேண்டும் என்று இன்னொரு வரி. இதற்குப் பணமும் செலவில்லை, காலமும் ஆகாது.

சங்கத்து நண்பர்கள், போனது போகட்டும், இந்த வயதில் அலையாதீர்கள் என்கிறார்கள். 1,15,000 ரூபாய் எங்களுக்கு ஒரு பெரிய தொகைதான், ஆனாலும் அதற்காக மட்டும் நான் அலையவில்லை. என் கையெழுத்தை வைத்து நான் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக ஆக்கியிருக்கிறார்கள். அதை நீக்காமல் நான் விடமாட்டேன். அது எந்தச் சூழலில், எத்தனை மணிக்கு, யார் முன்னிலையில் வாங்கப்பட்டது என்பதை மூன்று பக்கத்துக்கு எழுதி, மேல்முறையீட்டு மனுவாக்கி வைத்திருக்கிறேன். என் மனைவி இப்போது ஊன்றுகோல் பிடித்துக் கூடத்திலிருந்து வாசல் வரை நடக்கிறார். சாட்சி என்ற இடத்தில் தானே கையெழுத்துப் போடுவதாகச் சொல்லி, நேற்று மாலை போட்டுக் கொடுத்திருக்கிறார். திங்கட்கிழமை காலைப் பேருந்தில் அதைக் கொண்டுபோகிறேன்.