சுற்றிவிட்டு வந்தால் அது சும்மாவா?

எந்தப் பதிவு என்று சொல்ல வேண்டியதில்லை. நேற்றிலிருந்து எல்லார் பக்கத்திலும் அதுதான் ஓடுகிறது. “1969லயே நிலாவுல இறங்கியாச்சு, இப்போ சும்மா சுத்திட்டு வர்றதுக்கு இவ்வளவு பில்டப்பா?” கீழே சிரிப்பு ஸ்மைலி குவிந்து கிடக்கிறது. சிரித்தவர்களில் நான் மதிக்கிற ஆட்களும் உண்டு. எரிச்சலே அதனால்தான்.

நாசாவின் ஆர்ட்டெமிஸ் 2 நிலவைச் சுற்றிவருவதற்கான பயணம், இறங்குவதற்கான பயணமே இல்லை சார். ரீட் வைஸ்மன், விக்டர் குளோவர், கிறிஸ்டினா காக், ஜெரமி ஹேன்சன் நால்வரும் ஓரையன் கலத்தில் உட்கார்ந்து, அது மனிதரைத் தாங்குமா என்று பார்ப்பதுதான் வேலை. 2022இல் போன ஆர்ட்டெமிஸ் 1இல் ஆள் இல்லை, முழு உயிர்காப்பு அமைப்பும் இல்லை. நான்கு பேர் விடும் மூச்சிலிருந்து கரியமில வாயுவைப் பிரிக்கிறதா, கழிப்பறை ஒழுங்காக ஓடுகிறதா என்பதையெல்லாம் பொம்மையை உட்கார வைத்துப் பார்க்க முடியாது. அதனால்தான் முதல் ஒரு நாள் பூமியைச் சுற்றியே சோதனை. நிலவெல்லாம் அப்புறம்தான். இறங்கவில்லை, சரி. சும்மா என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஆர்ட்டெமிஸ் 1 திரும்பியபோது வெப்பக் கவசத்தில் நூறு இடங்களுக்கு மேல் கருகிப் பெயர்ந்திருந்தது. கவசத்துக்குள் உண்டான வாயு வெளியேற வழியில்லாமல் அதைப் பெயர்த்துவிட்டது. இந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்க நாள் எடுத்தபோதும் “தாமதம், தாமதம்” என்று சிரித்தவர்கள் நீங்கள்தான்.

“அந்தக் காசில் பசித்தவனுக்குச் சோறு போடலாமே?” போடுங்கள், யார் தடுத்தது? “அமெரிக்காவுக்கு ஏன் வக்காலத்து?” ஹேன்சன் கனடாக்காரர். 1969 நாடகம் என்பவர்களோடு பேச எனக்கு நேரமில்லை.

“1969இல் நிலவில் இறங்கிய அப்போலோ திட்டத்தில் செய்ததைத்தானே திரும்பச் செய்கிறார்கள்?” அப்போலோ மட்டும் எடுத்த எடுப்பில் இறங்கியதா? 1968இல் அப்போலோ 8 சுற்றிவிட்டுத்தான் வந்தது. 1969 மே மாதம் அப்போலோ 10இன் இறங்கு கலம் நிலவின் தரைக்கு ஏறக்குறைய 15 கிலோமீட்டர் வரை போய், இறங்காமல் மேலேறியது. அவர்களும் சும்மாதான் போனார்களா?

நான் பாய்லர் டெஸ்டிங்கில் இருந்தவன். ஹைட்ரோ டெஸ்ட் என்றால் தண்ணீரை நிரப்பி, வேலை அழுத்தத்துக்கு மேலே ஏற்றி, கேஜ் முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். முள் இறங்கவே கூடாது. பார்ப்பவனுக்கு நான் சும்மா நிற்பதாகத்தான் தெரியும். ஒருமுறை வெல்டில் வியர்வை மாதிரி ஒரு துளி. நிறுத்தச் சொன்னேன். வாசலில் லாரி காத்திருக்க, மேலதிகாரி எல்லார் முன்னாலும் கேட்டார்: “நீ இங்க என்னதான்யா வேலை பார்க்குற?” கிரைண்டர் போட்டுத் தோண்டியபோது உள்ளே நீளமான விரிசல். அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வருடம் இன்கிரிமென்ட் கிடைத்தது, லாரியை நேரத்துக்கு அனுப்புகிறவருக்கு.