கறுப்பைத் தேய்த்தால் தங்கம் வராது

"பழைய ஜப்பானிய அலங்காரப் பெட்டிகள் முழுத் தங்கம், மேலே கறுப்பு வெறும் பூச்சு, எலுமிச்சை தேய்த்தால் போய்விடும்" என்றொரு வாட்ஸ்அப் செய்தி பரவுகிறது. தவறு.

கியோத்தோவில் கோமாய் குடும்பப் பட்டறை செய்தவை போன்ற பெட்டிகளின் உடல் இரும்பு. அதன் மேல் உளியால் நுண்ணிய குறுக்குக் கோடுகள் கீறி, மெல்லிய தங்கத் தகட்டைச் சுத்தியலால் தட்டிப் பதிப்பார்கள். 1876இல் பொது இடத்தில் வாள் தரிக்கத் தடை வந்தபின், வாளுக்கு அணிவேலை செய்த கைகள் பல இப்படிப் பெட்டிக்கும் சாடிக்கும் திரும்பின. இரும்புக்கு வேண்டுமென்றே ஏற்றிய அந்தக் கறுப்பும் வேலைப்பாட்டின் பாதி அழகு. எலுமிச்சைப் புளிப்பு அதை அரித்துவிடும், பதித்த தங்கமும் பெயர்ந்துவிடும்.

துணி சுற்றிய காந்தத்தை அருகில் வையுங்கள், இரும்பு இழுக்கும். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியக இணையதளத்திலும் சரிபார்க்கலாம். தயவுசெய்து அச்செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.