ஐயர் வந்திருக்கிறார்

என் அக்காள் மகன் இறையியல் படித்தவன். இரண்டு வருடம் டவுன் சபை ஒன்றில் உதவி குருவாக இருந்துவிட்டு, இப்போது குருப்பட்டம் பெற்றிருக்கிறான். முதல் தனிப் பொறுப்பு, தேரிக்காட்டை, அதாவது செம்மணல் மேட்டுக்காட்டை ஒட்டிய ஒரு சின்னச் சேகரம். ஒரே போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுப்பைத்தான் சேகரம் என்போம். தலைமைச் சபையில் 60 குடும்பம். சுற்றுவட்டாரத்தில் இன்னும் நான்கு சபைகள். அவற்றில் ஒன்றில் 11 குடும்பம்தான்.

செய்தி தெரிந்ததும் உறவினர்கள் அக்காள் வீட்டுக்கு வந்தார்கள். வாழ்த்த வருகிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். அரை மணி நேரம் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது, துக்கம் விசாரிக்க வந்திருக்கிறார்கள். “மூன்று வருஷத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடு” என்றார் பெரியப்பா ஒருவர். “பார்க்க வேண்டியவர்களைப் பார்த்து டவுனுக்கு மாற்றல் வாங்கிவிடு” என்றார் இன்னொருவர். “யூடியூபில் ஒரு சேனல் ஆரம்பித்துவிடு தம்பி, அப்புறம் எந்த ஊரில் இருந்தால் என்ன?” என்று ஒரு சித்தப்பா. பையன் தலையைக் குனிந்துகொண்டு முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அந்த எரிச்சலில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியூர் நண்பர்களுக்கு ஒரு விளக்கம். நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் மனைவி ஐயரம்மா. அவர்கள் குடியிருக்கும் வீடு குருமனை. சாதிக்கும் அந்தச் சொல்லுக்கும் இங்கே தொடர்பில்லை. திருமணச் சான்றிதழ் வாங்கப் போன என் வடமாவட்டத்து நண்பர் ஒருவர் “ஐயரைப் பாருங்கள்” என்று அங்கிருந்தவர்கள் சொன்னதும் திகைத்து நின்ற கதை தனி.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் ஒரு ஐயர் இருந்தார். அவருக்குப் பிரசங்கம் வராது. இதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. எரிகோவின் மதில் இடிந்து விழுந்ததைக்கூடக் கிரயப் பத்திரம் வாசிப்பதுபோல்தான் சொல்வார். மூன்று குறிப்புகள் என்று தொடங்கினால், மூன்றாவது வருவதற்குள் முன்வரிசைப் பெரியவர்கள் உறங்கியிருப்பார்கள். பாட்டும் சுமார்தான். ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளை மணியடித்துவிட்டு வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துகொள்வார்.

ஆனால் அவர் சட்டைப் பையில் ஒரு டைரி இருக்கும். யாருக்கு எந்த மாதம் பிரசவம், எந்த வீட்டுப் பையன் பம்பாயில் வேலையில்லாமல் இருக்கிறான், எந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் பதில் சொல்லாமல் இழுத்தடிக்கிறார்கள், எல்லாம் அதில் இருக்கும். சாயங்காலம் ஆனால் டி.வி.எஸ். 50-ஐ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டதுமே யாராவது ஒரு பிள்ளை “ஐயர் வந்திருக்கிறார்” என்று கத்திக்கொண்டு ஓடும். திண்ணையில் கிடக்கும் துணிகளை அள்ளி உள்ளே எறிந்துவிட்டுப் பாய் விரிப்பார்கள். வருவார், உட்காருவார், காப்பி குடிப்பார், ஒரு சங்கீதம் வாசிப்பார், ஜெபம் பண்ணிவிட்டுப் போய்விடுவார். வேறொன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காத அந்த இருபது நிமிடம் எதற்கு என்று எனக்கு அந்த வயதில் புரியவில்லை.

படுக்கையில் விழுந்த என் பாட்டிக்கு மாதம் ஒருமுறை வீட்டிலேயே நற்கருணை கொடுக்க வருவார். பாட்டிக்கு இடது காது கேட்காது. இதை யாரும் அவருக்குச் சொன்னதில்லை. இரண்டாவது தடவையே நாற்காலியைத் தூக்கி வலது பக்கம் போட்டுக்கொண்டார். வலது காதும் பாதிதான் கேட்கும் என்பதால் பாவமன்னிப்பை உரக்கச் சொல்லுவார். எங்கள் தெரு முழுவதற்கும் மாதாமாதம் பாவமன்னிப்பு கிடைத்தது அப்படித்தான்.

ஊரில் ஓர் அண்ணனும் தம்பியும் கிணற்றுத் தண்ணீர் முறைக்காகச் சண்டைபோட்டுப் பிரிந்திருந்தார்கள். பன்னிரண்டு வருடம் பேச்சில்லை. கோயிலில் அண்ணன் தெற்கு வாசல் வழியாக வந்தால் தம்பி வடக்கு வாசல். ஐயர் இருவர் வீட்டுக்கும் போவார். ஒரு வீட்டில் கேட்டதை மற்ற வீட்டில் சொல்லமாட்டார். ‘சகோதர ஐக்கியம்’ என்று மேடையில் ஒரு நாளும் பிரசங்கித்ததில்லை. சமாதானம் பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. அண்ணன் இறந்துபோனார்.

அடக்க ஆராதனை முடிந்து பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். தம்பி வந்திருந்தார், ஆனால் சுவருக்கு வெளியே, வேலியில் படர்ந்த கோவைக்கொடி ஓரமாக நின்றார். பெட்டியைக் குழிக்குள் இறக்கியாயிற்று. ஐயர் ஜெபப் புத்தகத்தைத் திறக்கவில்லை. மூடிய புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு சும்மா நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. யாரோ இருமினார்கள். ஐயருக்கு உதவியாக இருந்த உபதேசியார் “ஐயா, நேரமாகிறது” என்றார். அதற்கும் பதில் இல்லை. ஐந்து நிமிடம் இருக்கும், எனக்கு ஒரு மணி நேரம்போல் இருந்தது. பிறகு அந்தத் தம்பி செருப்பைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு உள்ளே வந்து குழியருகே நின்றார். ஐயர் புத்தகத்தைத் திறந்து “மண்ணுக்கு மண்ணும்” என்று வாசித்தபோது முதல் பிடி மண்ணைப் போட்டது அந்தத் தம்பியின் கைதான்.

எந்த நம்பிக்கையில் அப்படிக் காத்து நின்றார் என்று பல வருடம் கழித்து ஐயரம்மாவிடம் கேட்டேன். முந்தின இரவு பன்னிரண்டு மணிவரை டார்ச் லைட்டோடு தம்பி வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தாராம். என்ன பேசினார்கள் என்று ஐயரம்மாவுக்கும் தெரியாது. “திரும்பி வந்தவர், இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம் என்றார்” என்று மட்டும் சொன்னார்கள்.

இப்போது நான் நகரத்தில் ஒரு பெரிய சபைக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை மூன்று ஆராதனைகள், இரண்டு பெரிய திரைகள், குளிரூட்டிய மண்டபம். பிரசங்கம் உண்மையிலேயே நன்றாக இருக்கும். பாடகர் குழுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆறாவது வருடம் வாசலில் கைகொடுத்த போதகர் என்னிடம், “புதிதாக வந்திருக்கிறீர்களா, பிரதர்?” என்று அன்போடு கேட்டார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அத்தனை ஆயிரம் முகங்களை எந்த மனிதனால் நினைவில் வைக்க முடியும்? என் அப்பாவுக்கு அறுவைசிகிச்சை நடந்தபோது ஜெபக் குறிப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்தது. பெயரில் ஓர் எழுத்து மாறி, அப்பா பெண்ணாகியிருந்தார். எண்பது பேர் ஆமென் போட்டிருந்தார்கள். அப்பா அதைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, தையல் பிரிந்துவிடும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அவன் தன்னுடைய ஆடுகளைப் பேர்சொல்லிக் கூப்பிட்டு” என்று யோவான் 10-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பேர் சொல்லிக் கூப்பிட முதலில் பேர் தெரியவேண்டும். திருநெல்வேலித் திருச்சபையே ஒரு பெயர்ப் பட்டியலில்தானே தொடங்கியது? 1780-இல் பாளையங்கோட்டைச் சபையின் பதிவேட்டில் இருந்தவை 40 பெயர்கள், அந்தச் சபை உருவாகக் காரணமான குளோரிந்தா அம்மையாரின் பெயரோடு சேர்த்து. எங்கள் பெரியப்பாவின் கணக்குப்படி அதுவும் யாரும் போக விரும்பாத மூலைச் சபைதான்.

மிஷனெரி கால்டுவெல்லை 1856-இல் வந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துக்காக உலகம் கொண்டாடுகிறது. 1841-இல் அவர் வந்து சேர்ந்த இடம் இடையன்குடி என்ற தேரிக்காட்டுக் கிராமம். அங்கே தெருவை ஒழுங்குபடுத்தி, பள்ளிக்கூடம் கட்டி, ஒரே ஓர் ஆலயத்தை 33 வருடம் எடுத்துக் கட்டி 1880-இல் முடித்தார். 1891-இல் கொடைக்கானலில் இறந்தவரை அந்தத் தேரிமண்ணுக்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். சரி, கால்டுவெல் பெரிய ஆள், பேராயர், அவரை விடுங்கள். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரான வி.எஸ். அசரியா 1874-இல் வெள்ளாளன்விளையில் பிறந்தார். 1912-இல், இன்றைய தெலங்கானாவில் இருக்கும் தோர்ணக்கலின் பேராயரானார். அவருடைய அப்பா தாமஸ் வேதநாயகம் அந்த ஊர் ஐயர். மகனை அறிந்த நம்மில் எத்தனை பேருக்கு அந்த அப்பாவின் பெயர் தெரியும்? அவரும் வீடு வீடாகப் போயிருப்பார், திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

சின்னச் சபை என்றாலே புனிதம் என்று நான் சொல்லவரவில்லை. அங்கே வளர்ந்தவன் நான், எனக்குத் தெரியும். ஒரே சாதிக்காரர்கள் மட்டும் கூடுவதாலேயே சின்னதாக இருக்கும் சபைகள் உண்டு. பேராயரின் ஆளுகைக்குட்பட்ட சபைகள் சேர்ந்த திருமண்டலத்தின் தேர்தல் வந்தால் தெரு இரண்டாகப் பிரியும், ஐயர் எந்த வீட்டில் காப்பி குடித்தார் என்பதுகூடக் கட்சிக் கணக்கில் சேரும். சபைச் சந்தா பாக்கி என்று சொல்லி, கல்யாணத்துக்கு முன் சபையில் வாசிக்கும் அறிவிப்பான கல்யாண ஓலையை வாசிக்க மறுத்த ஐயரையும் பார்த்திருக்கிறேன். எல்லாரையும் தெரிந்திருப்பதை வைத்தே எல்லாரையும் ஆட்டிப்படைக்கவும் ஒருவரால் முடியும். சோம்பேறிகளுக்கும் அது வசதியான இடம்.

ஆனாலும் சின்ன இடத்தைத் தண்டனை இடமாக நாமேதான் ஆக்கிவைத்திருக்கிறோம். பிடிக்காதவரை அங்கே தள்ளுகிறோம், பிடித்தவரை அங்கிருந்து தூக்குகிறோம். போனவரும் பெட்டியைப் பிரிக்காமலே நாளைக் கடத்துகிறார். ஊரில் யாருக்கு எந்தக் காது கேட்காது என்று தெரிந்துகொள்ளும் நேரத்தில் மாற்றல் ஆணை வந்துவிடுகிறது. வருடாந்தர அறிக்கையில் ஞானஸ்நானம் எத்தனை, ஞானஸ்நானம் பெற்றவர்களைப் பேராயர் உறுதிப்படுத்தும் திடப்படுத்தல் எத்தனை, காணிக்கை எவ்வளவு என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். ஆனால் ஒருவர் நன்றாக ஊழியம் செய்கிறார் என்றால், அதற்குப் பரிசாக அவரை அந்த மக்களிடமிருந்து பிரித்துப் பெரிய சபைக்கு அனுப்புவது என்ன நியாயம் என்று யாராவது எனக்கு விளக்குங்கள்.

உறவினர்கள் போன பிறகு பையன் மொட்டை மாடிக்கு வந்தான். நாற்பது பேருக்கு முன்னால் பிரசங்கம் பண்ணப் பயமாக இருக்கிறது என்றான். ஆயிரம் பேர் என்றால் யார் முகமும் தெரியாதாம், நாற்பது பேர் என்றால் எல்லார் முகமும் தெரியுமாம். நல்ல பயம்தான் என்றேன். பிறகு, “என்ன மாமா வாங்கிக்கொண்டு போகட்டும்?” என்று கேட்டான். அக்காள் ஏற்கெனவே மிக்சி, குக்கர், கட்டில் என்று பட்டியல் போட்டுவைத்திருந்தாள்.

“தேரிக்காட்டில் பாம்பு அதிகம். ராத்திரி திரும்பி வர நேரமாகும். நல்ல டார்ச் லைட் ஒன்று வாங்கிக்கொள்” என்றேன்.