பெர்சிவல் மீது எந்தப் பழி நிற்கும்?

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததை நினைவுகூரும் முழுமைத் தற்காப்பு தினத்தையொட்டி, ஒவ்வொரு பிப்ரவரியிலும் அன்றைய பிரிட்டிஷ் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் ஆர்தர் பெர்சிவலின் பெயர் அடிபடுகிறது. ஏறக்குறைய 30,000 பேருடன் வந்த ஜப்பானியத் தளபதி யமாஷிட்டாவிடம் 80,000-க்கும் மேற்பட்ட வீரர்களை வைத்துக்கொண்டு சரணடைந்த கோழை என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். அவர்மீது பழி உண்டு. ஆனால் அது சரணாகதியில் இல்லை என்பதே என் கருத்து.

வடக்கிலிருந்து எதிரி வருவான் என்று அவர் நினைத்தே பார்க்கவில்லை என்கிறார்கள். உண்மையில், 1937-இல் மலாயாவின் அப்போதைய படைத்தளபதி ஜெனரல் டாபியின் கீழ் பணியாற்றியபோதே, ஜப்பானியர் தென் தாய்லாந்திலும் மலாயாவின் கிழக்குக் கரையிலும் இறங்கிச் சிங்கப்பூரைப் பின்புறமாகத் தாக்கக்கூடும் என்று ஆராய்ந்து எழுதியவர் அவர். 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் தொடங்கியது ஏறத்தாழ அதுவே.

இவ்வளவும் அறிந்தவர், தலைமைப் பொறியாளர் பிரிகேடியர் சிம்சன் வடகரையில் அரண்கள் அமைக்க வற்புறுத்தியபோது, அவை படையினரின், மக்களின் மனவுறுதியைக் குலைக்கும் என்று மறுத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. தாக்குதல் வடமேற்கில் வரும் என்று மேலதிகாரி வேவல் கருதியும், புதிதாக வந்திறங்கிய 18-ஆவது பிரிட்டிஷ் டிவிஷனை வடகிழக்கில் நிறுத்தினார். பிப்ரவரி 8 இரவு ஜப்பானியர் வடமேற்கிலுள்ள சாரிம்பூன் பக்கம் கரையேறியபோது, நீண்ட அந்தக் கரையைக் காத்து நின்றது ஒரேயொரு ஆஸ்திரேலியப் பிரிகேட்.

சரணடைந்ததை நான் குறைசொல்ல மாட்டேன். பிப்ரவரி 15-க்குள் நீர்த்தேக்கங்கள் எதிரியின் கைக்குப் போயிருந்தன. குண்டுவீச்சில் உடைந்த குழாய்களில் எஞ்சிய தண்ணீரும் வீணாகிக்கொண்டிருந்தது. நகரமோ தீபகற்பத்திலிருந்து ஓடிவந்த மக்களால் நிரம்பி வழிந்தது. தளபதிகள் படையினரோடு மடிய வேண்டும் என்று சர்ச்சில் லண்டனிலிருந்து எழுதியிருந்தார். (அங்கிருந்து எழுதுவது எளிது.) யமாஷிட்டாவிடமும் பீரங்கிக் குண்டுகள் தீர்ந்துகொண்டிருந்தன, அதை மறைத்து அவர் மிரட்டினார் என்பது பின்னாளில் நமக்குத் தெரிந்த சங்கதி. அதை வைத்து அன்றைய முடிவை எடைபோடுவது நியாயமாகாது.

எழுபதே நாட்களில் மலாயாவையும் சிங்கப்பூரையும் பிடித்த யமாஷிட்டாவின் போர்த்திறனை மறுப்பதற்கில்லை. ஆனால் அவரை வியந்து எழுதுபவர்கள், நகரம் வீழ்ந்த மூன்றே நாளில் தொடங்கிய, சீனர்களைக் குறிவைத்த சூக் சிங் படுகொலையை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். 1946 பிப்ரவரி 23 அன்று அவர் தூக்கிலிடப்பட்டது பிலிப்பீன்ஸில் நடந்த கொடுமைகளுக்காக. சிங்கப்பூரில் அவருடைய படை செய்ததற்கு அவர் எந்த நீதிமன்றத்திலும் பதில் சொல்ல நேரவில்லை.