கோப்ரா ரெப்ளிக்காவுக்கு 0.64 ஓவர்டிரைவ் வேண்டாம்

தலைப்பிலேயே சொல்லிவிட்டேன். கோபப்படுகிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

இங்கே அமெரிக்காவில் ஃபேக்டரி ஃபைவ் மாதிரி நிறுவனங்களிடம் கிட் வாங்கி, 1960-களின் ஸ்போர்ட்ஸ் காரான கோப்ராவின் நகலை (ரெப்ளிக்கா) வீட்டு கராஜிலேயே கட்டுகிறவர்கள் நிறைய பேர். இன்ஜினுக்கு எந்த ஹெட், எந்த கார்புரேட்டர் என்று மாதக்கணக்கில் அலசுவார்கள். ஐந்தாவது கியர் என்ன விகிதம் என்று வரும்போது மட்டும் கடையில் சொன்னதை அப்படியே வாங்கிக்கொள்வார்கள். கடையில் பெரும்பாலும் சொல்வது இதுதான்: "ஹைவேயில் இன்ஜின் அமைதியாக ஓடணும், ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது." கனமான காருக்கு, சாதுவான இன்ஜினுக்கு அது சரிதான். ஆயிரம் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே எடை, 500 குதிரைத்திறன், முரட்டு கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) என்று இருக்கிற வண்டிக்கு அது தப்பான அறிவுரை.

புதிதாகப் படிப்பவர்களுக்காக அடிப்படையை மட்டும் சொல்லிவிடுகிறேன். நாலாவது கியர் 1.00, அதாவது இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் (கியர் பெட்டியில் இருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் தண்டு) ஒரு சுற்று. ஓவர்டிரைவ் என்றால் இன்ஜின் ஒரு சுற்றுக்கும் குறைவாகச் சுற்றும்போதே ஷாஃப்ட் முழுச் சுற்று சுற்றிவிடும். டிரெமெக் நிறுவனத்தின் டி.கே.ஓ. 600 கியர் பெட்டியில் ஐந்தாவது கியர் 0.64 அல்லது 0.82 என்று இரண்டு வகை உண்டு. அதற்கு அடுத்து வந்த டி.கே.எக்ஸ். பெட்டியில் 0.68, 0.81 எல்லாம் கிடைக்கும். இதோடு பின் ஆக்சில் விகிதத்தைப் பெருக்க வேண்டும். 3.31, 3.55, 3.73 மூன்றும்தான் இந்த வண்டிகளில் அதிகம் பார்க்கிறோம். 3.73 என்றால் ஆக்சிலுக்குள் ஷாஃப்ட்டோடு சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனில் 11 பல், அது சுற்றுகிற பெரிய பல்சக்கரமான கிரவுனில் 41 பல், அவ்வளவுதான் விஷயம்.

இப்போது கணக்குக்கு வருவோம். பின் டயர் 315/35 ஆர்17 என்று வைத்துக்கொள்ளுங்கள், இந்த ரெப்ளிக்காக்களில் சகஜமான சைஸ். சுற்றளவு ஏறத்தாழ 2.05 மீட்டர் வரும். 3.55 ஆக்சில், 0.64 ஐந்தாவது கியர், 70 மைல் வேகம் (சுமார் 113 கி.மீ.). இன்ஜின் சுற்றுவது 2,080 ஆர்.பி.எம். காகிதத்தில் பார்க்க அழகாக இருக்கிறது, இல்லையா? அதே வண்டியை 55 மைலில் ஓட்டிப் பாருங்கள், 1,640. இந்தக் கார்கள் நிஜமாகவே அதிகம் ஓடுவது 55 மைலில்தான், ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு வழிச் சாலையில் ஏரிக்கரை ஓரமாகப் போய்விட்டு வருவதற்குத்தானே இதைக் கட்டுகிறோம். அந்த வேகத்தில் ஐந்தாவது கியர் போட்டால் இன்ஜின் திணறும், நாலாவதுக்கு இறக்கினால் 2,550-க்கு ஏறிவிடும். நடுவில் எதுவுமே கிடையாது.

திணறும் என்று சும்மா சொல்லவில்லை. நண்பர் ஒருவரின் வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போனபோது பார்த்தது இது. 427 கன அங்குல ஃபோர்டு வின்ட்ஸர் வி8, கார்புரேட்டர், பெரிய கேம். ஐந்தாவது கியரில் 60 மைலில் ஒரு சின்ன ஏற்றம் வந்தது, பெரிய மலையெல்லாம் இல்லை, ஒரு மேம்பாலத்து ஏற்றம் அளவுதான். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தார். டேக்கோ (ஆர்.பி.எம். காட்டும் மீட்டர்) முள் 1,800-க்குக் கொஞ்சம் கீழேயே நின்றது, வண்டி முன்னும் பின்னுமாக உதற ஆரம்பித்தது, கியர் லிவர் அவர் கையிலேயே ஆடியது, சைடு பைப்பில் (பக்கவாட்டுப் புகைக்குழாயில்) இருந்து வந்த சத்தம் காதில் விழுந்ததைவிட நெஞ்சில்தான் அதிகமாக இடித்தது. அவர் கிளட்சை மிதித்து நாலுக்கு இறக்கிய அடுத்த நொடி எல்லாம் அடங்கி, வண்டி சீறிக்கொண்டு ஏறியது. ஐந்நூறு குதிரை சக்தி உள்ள கார், எருமை மாதிரி எடை கூட இல்லை, ஒரு மேம்பாலம் ஏறக் கியரை இறக்க வேண்டியிருக்கிறது என்றால் அந்தக் கியர் அந்த இன்ஜினுக்குப் பொருந்தவில்லை என்றுதான் அர்த்தம்.

ஏன் இப்படி ஆகிறது? பெரிய கேமில் இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒன்றாகத் திறந்திருக்கிற நேரம் அதிகம். வேகமாகச் சுற்றும்போது அதனால்தான் இன்ஜின் நன்றாக மூச்சு விடுகிறது. மெதுவாகச் சுற்றும்போதோ எரிந்த புகை இன்டேக் பக்கமே திரும்பி வந்து புதுக் கலவையைக் கெடுக்கும், கார்புரேட்டருக்கும் காற்றோட்டத்தின் இழுப்பு போதாமல் போகும், ஒரு சிலிண்டர் சரியாக எரியும், இன்னொன்று எரியாது. கார் கனமாக இருந்தால் அந்த எடையே இதை அமுக்கிவிடும். இந்தக் கார் லேசு, வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம்) 90 அங்குலம்தான், புரொப்பெல்லர் ஷாஃப்ட் கையகலத்துக்கு இருக்கும், ஒவ்வொரு உதறலும் நேராக இருக்கைக்கு வந்து சேரும். ஊரில் புல்லட் ஓட்டியவர்களுக்குப் புரியும், டாப் கியரில் 30-ல் போய்க்கொண்டே திடீரென்று முறுக்கினால் அது எப்படி முக்கும், அதேதான்.

சரி, இதற்கு என்ன பதில் சொல்கிறார்கள் தெரியுமா? "அப்போ ஆக்சிலை 3.73 போடு, ஐந்தாவதில் ஆர்.பி.எம். தானாக ஏறும்." ஏறத்தான் செய்யும், 70 மைலில் 2,190 வரும். முதல் கியரை யார் யோசிப்பது? முதல் கியரின் விகிதமான 2.87-ஐ 3.73-ஆல் பெருக்கினால் 10.7. அந்தக் கியரில் இந்த வண்டியில் டயர் சும்மா சுழலும், பிடிக்காது, 6,000 ஆர்.பி.எம். போனாலும் 43 மைல்தான். இந்த 3.73 மோகம் ஃபோர்டு மஸ்டாங்கில் இருந்து வந்தது என்பது என் கருத்து. மஸ்டாங் ஆயிரத்து அறுநூறு கிலோவைத் தாண்டிய கார், அதைக் கிளப்ப அந்தப் பெருக்கல் தேவை. அதே இன்ஜினை அறுநூறு கிலோ குறைவான வண்டியில் வைத்துவிட்டு அதே ஆக்சிலையும் போட்டால் எப்படி?

என் தேர்வு இது. பின்னால் 3.31, ஐந்தாவது 0.81. முதல் கியர் 9.5-க்கு இறங்கும், டயருக்குப் பிடிக்க ஒரு வாய்ப்பு கிடைக்கும், இரண்டாவதிலேயே 70 மைல் தாண்டும். 70 மைலில் ஐந்தாவதில் 2,460, 55 மைலில் 1,930. மேம்பாலம் வந்தால் கால் கட்டைவிரலை அழுத்தினால் போதும். 0.64-க்குப் பழகியவர்களுக்கு அந்த 2,460 அதிகமாகத் தோன்றலாம். கரோல் ஷெல்பி 1960-களில் கட்டிய கோப்ராக்களில் நாலு கியர்தான், ஓவர்டிரைவே கிடையாது, 3.54 ஆக்சிலோடு ஹைவேயில் 3,000-க்கு மேலே சுற்றிக்கொண்டே ஓடின. நல்ல எண்ணெய் அழுத்தம் உள்ள ஒரு வி8-க்கு 2,500 என்பது நடைப்பயிற்சி.

கியர் இடைவெளியையும் பாருங்கள், இதைப் பலரும் கவனிப்பதே இல்லை. மூன்றாவது 1.28-ல் இருந்து நாலாவது 1.00-க்குப் போனால் ஆர்.பி.எம். 22 சதவீதம் விழும். நாலில் இருந்து 0.81-க்குப் போனால் 19 சதவீதம், அதே வரிசையில் அடுத்த படி. 0.64-க்குப் போனால் 36 சதவீதம்! 5,500-ல் மாற்றினால் 3,500-ல் போய் விழுவீர்கள். வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு எக்கச்சக்கமாக ஏறும், அதனால் மேல் கியர்களில் படிகள் நெருங்கி வர வேண்டும். 0.64-ல் நேர்மாறாக விரிகிறது.

கோப்ராவின் உடம்பு காற்றைக் கிழிக்கிற உடம்பும் இல்லை. திறந்த வாய், செங்குத்துக் கண்ணாடி, கூரை கிடையாது. பிரான்ஸில் நடக்கும் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தின் நீண்ட நேர்சாலையில் இந்தக் கூரையில்லாத ரோட்ஸ்டரால் ஃபெராரிகளோடு வேகத்தில் ஈடுகொடுக்க முடியவில்லை என்றுதான் ஷெல்பியிடம் வேலை பார்த்த வடிவமைப்பாளர் பீட்டர் பிராக் அதே சேசிஸுக்கு மூடிய உடம்பு வரைந்தார், அந்த டேடோனா கூபே 1964-ல் லெ மான்ஸில் ஜி.டி. பிரிவை வென்றது. இன்ஜினை மாற்றாமல் உடம்பை மாற்றி வாங்கிய வேகம் அது. இப்போது 3.55 ஆக்சிலும் 0.64 கியரும் உள்ள ரோட்ஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 6,000 ஆர்.பி.எம்-ல் கணக்குப்படி 325 கி.மீ. வேகம். அந்த வேகத்துக்கு இந்த உடம்பு போகவே போகாது. 0.82 போட்டால் 253 கி.மீ. வருகிறது, அது இந்த வண்டி எட்டக்கூடிய எண், டிராக்கில் நிஜமாகவே பயன்படுகிற கியர்.

பெட்ரோல் மிச்சமாகுமே என்று கேட்பவர்களுக்கு: வாரக் கடைசியில் ஓடுகிற கார்புரேட்டர் வண்டி இது. திணறும் இன்ஜினை மிதித்து மிதித்து ஓட்டினால் அந்த மிச்சமும் போய்விடும்.

ஒரு விஷயத்தில் எதிர்த்தரப்போடு ஒத்துப்போகிறேன். உங்களிடம் இருப்பது ஃபோர்டின் கயோட்டி 5.0 மாதிரி இன்ஜெக்ஷன், கேம் டைமிங் தானாக மாறும் இன்ஜின் என்றால் கதை வேறு. அது 1,700-லும் முகம் சுளிக்காமல் இழுக்கும். அதற்கு 3.55-ம் 0.68-ம் போட்டுக்கொண்டு 70 மைலில் 2,210-ல் நிம்மதியாகப் போகலாம், நீண்ட தூரம் ஓட்டுகிறவர்களுக்கு அதையே சொல்வேன். இரண்டும் வேண்டும் என்றால் டிரெமெக்கின் ஆறு கியர் பெட்டியான மேக்னம் இருக்கிறது, 0.80-ம் உண்டு 0.63-ம் உண்டு, ஆனால் பெட்டி பெரியது, கனமானது. வாங்குவதற்கு முன் டனலில் (கியர் பெட்டி உட்காரும் இடத்தில்) டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

அப்புறம், யாருடைய கணக்கையும், என்னுடையதையும் சேர்த்துத்தான், அப்படியே நம்பி ஆர்டர் போடாதீர்கள். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஆள் உட்கார்ந்த நிலையில் வண்டியை ஒரு முழுச் சுற்று தள்ளித் தரையில் அளந்தால் உண்மையான சுற்றளவு தெரியும், புத்தகக் கணக்கைவிடக் கொஞ்சம் குறைவாகவே வரும். பழைய ஆக்சில் வாங்கினால் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, இரண்டு சக்கரத்தையும் சேர்த்து ஒரு சுற்று சுற்றி, ஷாஃப்ட் எத்தனை சுற்று போகிறது என்று எண்ணுங்கள். விற்கிறவர் 3.31 என்பார், எண்ணினால் மூன்றே முக்கால் வரும். ஓடுகிற வண்டி என்றால் சமதளத்தில் நாலாவது கியரில் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், எந்த ஆர்.பி.எம்-ல் உதற ஆரம்பிக்கிறதோ அதோடு 300 கூட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் வழக்கமாகப் போகிற வேகத்தில் ஐந்தாவது கியர் அந்த எண்ணுக்குக் கீழே வரக் கூடாது.

டயர் சைஸ், ஆக்சில், கேமோடு வரும் விவர அட்டையில் (கேம் கார்டு) உள்ள டிகிரி, வழக்கமாக ஓட்டும் வேகம், இந்த நான்கையும் கமென்ட்டில் போடுங்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.