கலுங்கில் உட்காருவது வெட்டி வேலை இல்லை

ஞாயிற்றுக்கிழமை ஊர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிய வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சானல்கரைக் கலுங்கில் (பாசனக் கால்வாய் மேலுள்ள சிறு பாலத்தில்) சீட்டு விளையாடுகிற கிழவர்கள், மேலே "வெட்டி ஆபீஸ், நேரம் 4 முதல் 6 வரை" என்று எழுத்து. அதில் நீலச் சட்டை போட்டிருப்பவன் நான். காதில் பிலா (பலா) இலையோடு இருப்பவர் வாத்தியார் அண்ணன், வயது 74. கேமரா அவர் முகத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. எத்தனை பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். 61 பேர்.

அந்த இலைக்குப் பெயர் குணுக்கு. நாங்கள் ஆடுவது இருபத்தெட்டு. 32 சீட்டு, நாலு பேர், எதிரெதிரே உட்காருபவர்கள் ஒரு கட்சி. ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று, எல்லாம் கூட்டினால் 28. தோற்றவர் காதில் இலையைச் செருகிக்கொண்டுதான் அடுத்த ஆட்டம் ஆட வேண்டும், ஜெயித்தால் கழற்றலாம். எங்கள் அப்பாமார் காலத்திலிருந்தே அப்படித்தான். யாரிடம் துருப்பு இருக்கிறது, எந்த ஜாக்கி இறங்கிவிட்டது என்று கடைசிச் சீட்டு வரை மனதில் வைத்திருக்க வேண்டும். 74 வயதில் அதைச் செய்கிற மனிதரைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறீர்கள்.

துட்டு வைத்து ஆடுகிறோம் என்று ஒருவர் எழுதியிருந்தார். பத்துப் பைசா வைத்தது கிடையாது. வைத்திருந்தால் இலை எதற்கு? குடி என்று இன்னொருவர். கலுங்குக்குப் பக்கத்தில் இருப்பது சாயாக்கடை மட்டும்தான், அங்கே என் கணக்கு கறுப்புச் சாயா இரண்டு. அந்த வழியாக நடக்கப் பெண்பிள்ளைகளுக்குக் கூச்சமாக இருக்கிறது என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தாள். அது சரி. நாளையிலிருந்து சானலைப் பார்த்துத் திரும்பி உட்காருகிறோம். வீடியோ எடுத்தவன் அதை நேரில் வந்து சொல்லியிருக்கலாமே?

நான் 36 வருஷம் தபால்காரனாக இருந்தவன். ஒரு நாளைக்கு அறுபது எழுபது வீட்டு வாசலில் ஒரு வார்த்தையாவது பேசுவேன். 2019-ல் ஓய்வு. மறுநாள் காலை பத்து மணிக்கு என்னிடம் பேச ஆள் இல்லை. மூன்று மாதம் பழைய வழியிலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு சும்மா போய் வந்தேன். "இன்னைக்கு என்ன தபால்?" என்று யாராவது கேட்டால் தொண்டை அடைக்கும். வாத்தியார் அண்ணன்தான் ஒருநாள் சைக்கிளைப் பிடித்து நிறுத்தி, "ஏய், ஒரு கை குறையுது, உக்காரு" என்றார். அன்றைக்கு உட்கார்ந்தவன்தான். அது இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

வாக்கிங் போகலாமே, நூலகம் போகலாமே, சுற்றுலா போகலாமே என்கிறார்கள். காலையில் நடக்கிறோம். நூலகத்தில் பேப்பர் வாசிக்கிறோம், ஆனால் அங்கே பேசக்கூடாது. வாசித்ததை எங்கே போய்ப் பேசுவது? சுற்றுலாவா? ரயிலில் 60 தாண்டிய ஆண்களுக்கு 40 சதவீதமும், 58 தாண்டிய பெண்களுக்கு 50 சதவீதமும் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் அதை நிறுத்தினார்கள். சென்னையில் இருக்கிற மகளைப் பார்க்கப் போவதற்கே நானும் என் மனைவியும் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

திரும்பவும் சொல்கிறேன், அது வெட்டி வேலை இல்லை. ஜூனில் கன்னிப்பூ நெல் சாகுபடிக்குப் பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் திறந்தால் சானலில் வந்துவிட்டதா என்று வயல்காரர்கள் எங்களிடம்தான் கேட்கிறார்கள். நவம்பர் வந்தால் பென்ஷன்காரர்கள், உயிரோடு இருப்பதைக் காட்டும் லைஃப் சர்டிபிகேட்டுக்காக என்னைத் தேடி வருவது அந்தக் கலுங்குக்குத்தான். மத்திய அரசுப் பென்ஷனில் 80 வயது ஆனவர்கள் அக்டோபர் ஒன்றாம் தேதியிலிருந்தே கொடுக்கலாம் என்பது போன வருஷம் வரை எங்கள் தெருவில் ஒரு பாட்டிக்குத் தெரியாது. நவம்பர் நெரிசலில் போய் நின்றுகொண்டிருந்தார்.

"உங்களுக்குக் கலுங்காவது இருக்கு, நான் எங்க போய் உக்கார?" என்று வீட்டில் என் மனைவி கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அவளும் 30 வருஷம் வேலைக்குப் போனவள்தான். கோயில், கல்யாண வீடு, துக்க வீடு தவிர அவள் வயதுப் பெண்கள் ஒன்றாக உட்கார இந்த ஊரில் ஓர் இடம் சொல்லுங்கள். வீடியோ எடுக்கிறவர்கள் அதை எடுங்கள்.

எடுத்த தம்பிக்கு ஒரு வார்த்தை. மக்களே, உன் அப்பா சவூதியில் இருந்த காலத்தில், கடிதம் வர ஒரு வாரம் பிந்தினாலே உன் அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டில் நிற்பாள். உன் வீட்டுக் கடிதம் என்றால் முதலில் உன் வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் மற்ற வீடுகளுக்குப் போவேன். உனக்கு அ, ஆ எழுதக் கைபிடித்துக் கொடுத்தது யார் என்று அம்மாவிடம் கேள். நீ பக்கத்தில் போய்ப் படம் பிடித்த அந்த முகம்தான்.

திங்கள், செவ்வாய், புதன், அண்ணன் வரவில்லை. நேற்று வீட்டுக்குப் போனேன். மருமகள் சாயா தந்தாள். அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார், பேரன் போனில் காட்டிவிட்டானாம். "இனி வேண்டாம்டே, பிள்ளைகளுக்குக் குறைச்சலா இருக்கு" என்றார்.

இன்றைக்கு நாலு மணிக்கு நாங்கள் மூன்று பேரும் அவர் வீட்டுத் திண்ணைக்கே போகிறோம். சீட்டுக்கட்டு என்னிடம் இருக்கிறது. பிலா மரம் அவர் வாசலிலேயே நிற்கிறது.